கருடனுக்கு மத்தி வெட்டும் மங்கலம்

வாங்க வந்தவரின் சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டே, ஒரு மத்தித் துண்டை நிமிராமல் தோளுக்குப் பின்னால் எறிவாள் மங்கலம். ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கும் கருடன் அதைக் காலால் அமுக்கிக் கிழிக்கும். துண்டு கீழே விழுந்துவிட்டால், "எறங்கி எடு. ஊட்டி வேற விடணுமா?" என்று திட்டு விழும்.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் மீன் வெட்டிக் கொடுப்பது அவள் தொழில். இரண்டு மாதத்துக்கு முன்னால், அறுந்த வலையின் நைலான் நரம்பு இறக்கையில் சுற்றிக்கொள்ள, இந்தக் கருடன் மணலில் கிடந்தது. சின்னக் கத்தியால் நரம்பை ஒவ்வொன்றாக அறுத்தெடுத்தாள். மாட்டு டாக்டர் தையல் போட்டார். புண் ஆறுகிற வரைக்கும் அவளிடமே இருக்கட்டும் என்று வனத்துறைக் கோவிந்தசாமியும் விட்டுவிட்டார்.

கருடன் இருக்கிறது என்று தெரிந்ததும் சனிக்கிழமைதோறும் துளசியும் கற்பூரமுமாகக் கூட்டம் வந்தது. நானும் ஒரு சொம்பு பால் கொண்டுபோனேன். கருடன் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"யக்கா, பெருமாளுக்கு அது வாகனம். எனக்குப் பேஷண்ட்டு. கும்பிடுறத அப்பறம் பாத்துக்கலாம். பாலை இப்படிக் குடு, டீ போடலாம்."

போட்டும் விட்டாள். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. பெருமாள் கோபித்திருக்க மாட்டார், டீ நன்றாகத்தான் இருந்தது.

புண் ஆறிய பிறகும் அது பறக்கவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள பறக்கலன்னா ஆயுசுக்கும் கூண்டுதாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார் கோவிந்தசாமி. அன்று மங்கலம் மதியச் சோறு சாப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து துண்டைத் தள்ளித் தள்ளி வைத்தாள். பத்தடி தள்ளி வைத்தாள், நடந்து வந்தது. படகு விளிம்பில் வைத்தாள், வலைக்குவியல் மேல் தாவித் தாவி ஏறித் தின்றது.

"மாப்புள, நடந்தே போறதுக்கா உனக்கு அவ்ளோ பெரிய றெக்க?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கோவிந்தசாமி கூண்டோடு வந்து நின்றார். மங்கலம் அவரைப் பார்க்கவே இல்லை. ஒரு முழு மத்தியை எடுத்தாள், அலைக்கு அந்தப் பக்கம் தண்ணீரில் வீசினாள். கருடன் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. மீன் மிதந்து விலகியது. சட்டென்று இறக்கை விரிந்தது. தண்ணீரை உரசிக்கொண்டு போய் மீனைக் காலால் பற்றி, அப்படியே மேலே மேலே போனது. கோவிந்தசாமி கூண்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். நாங்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

மங்கலம் அண்ணாந்தபடியே நின்றாள். பிறகு, கை கழுவக்கூட மறந்து, அவளும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இரண்டு கன்னத்திலும் செதில் ஒட்டிக்கொண்டு வெயிலில் மின்னியது.