மஞ்சள் தடவிய பத்திரிகை

ஒட்டுப்படம் செய்கிற வேலையில் பசைக்கு முன்னால் பொறுமைதான் தீரும். கை கால் விழுந்து வீட்டோடு கிடக்கிற என் கூட்டாளிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும். பக்கவாதம் வந்து ஸ்பின்னிங் மில் வேலை போனபின், பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா இடது கையால் காகிதம் கிழிக்கச் சொன்னார்கள். கிழித்ததை அட்டையில் ஒட்டிப் பார்த்தேன். மனசு கொஞ்சம் அடங்கியது. இப்போது ஒரே ஒரு ஆசைதான். யாராவது என் கையை விட்டுவிட்டுப் படத்தைப் பார்க்க வேண்டும்.

கழிவு லேபிள்

என் மனைவி தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறாள். அங்கே கழித்துப் போட்ட சிவப்பு லேபிள்களைக் கிழித்துத்தான் சாயங்கால வானம் ஒட்டினேன். நலம் விசாரிக்க வந்த அந்த ஆபீஸ் சூப்பர்வைசரிடம் ஆசையாக நீட்டினேன். மனுஷர் அதை வாங்கிக் கட்டிலில் கவிழ்த்துவிட்டு, என் விளங்காத வலது கையை அமுக்கிப் பார்த்தார். பிறகு என் மனைவியிடம் சொன்னார்: "பாவம், அவியளுக்கும் பொழுது போகணும்லா. இன்னும் ரெண்டு கட்டு லேபிள் குடுத்து விடுதேன்."

போட்டோ

பக்கத்துப் பள்ளிக்கூடக் கண்காட்சியில் என் படங்களை வைத்தார்கள். கூடவே என்னையும் சக்கர நாற்காலியில் வைத்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் "எப்ப வந்துச்சு, எந்த ஆஸ்பத்திரி" என்று கேட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கடைசியில் போட்டோ எடுக்கவந்த தம்பிக்காக, இருப்பதில் நல்ல படத்தை மடியில் நிமிர்த்திப் பிடித்தேன். அவன் கேமராவை இறக்கிவிட்டுச் சொன்னான்: "அண்ணாச்சி, படத்தக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க. கைய மறைக்குது."

பருத்திப் பூ

கரிசல் காட்டுப் பருத்திப் பூவுக்கு ஒரு மங்கின மஞ்சள் வேண்டியிருந்தது. காலண்டர் மஞ்சள் கண்ணைக் குத்தியது. பக்கத்து வீட்டுச் செல்வி தன் மகள் கல்யாணத்துக்குக் கொடுத்த பத்திரிகையின் மூலையில் தடவியிருந்த மஞ்சள் கச்சிதமாக இருந்தது. கிழித்தேன். இடது கைக்கு அளவு தெரியாது. மஞ்சளோடு மாப்பிள்ளை பெயரில் பாதியும் வந்துவிட்டது.

கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருந்தது. குழம்பு கொடுக்க வந்த செல்வி, படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு பூவாகப் பார்த்தாள். பாதி மாப்பிள்ளை அகப்பட்டுவிட்டார். என்னிடம் எப்போதும் பச்சைப் பிள்ளையிடம் பேசுவது மாதிரி பேசுகிறவள், அன்றைக்கு முகம் சிவந்து நின்றாள். "தாலி ஏறுமுன்ன பத்திரிகையக் கிழிக்கலாமா? கை வெளங்காத மனுசன்னு விட்டுருவேன்னு நெனைக்காதீங்க அண்ணாச்சி, தப்பு தப்புதான்."

இத்தனை நாள் ஆறுதல் சொல்லியே என்னைக் கொன்றவர்களுக்கு நடுவில், படத்தைப் பூப்பூவாகப் பார்த்து ஏசிய அந்த மகராசி வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன மொய் வைத்தாலும் தகும்.