பாய் தாங்கிய கொடிக்கம்பு

“துணி காயப்போடுற கம்பால பாயைப் பிடிக்கலாமோ? கடலென்ன, உங்கட லயத்து முத்தமோ?”

படகில் உட்கார்ந்தபடி அவள் அப்படிக் கேட்டபோது நான் மணலில் நின்றுகொண்டிருந்தேன். தோளில் அம்மாவின் கொடிக்கம்பு. அவள் எங்கள் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணியின் மகள், யாழ்ப்பாணத்துக் குடும்பம். நான் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர்களின் மகள். போர்ட்டிக்சன் ஆங்கிலப் பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்தோம். ஆனாலும் நான் அவளை ‘நீங்க’ என்பேன். அவள் என்னை ‘நீர்’ என்பாள். யாரும் சொல்லித் தராமலே அப்படி அமைந்துவிட்டது.

மலாயாவில் அது அவசரகாலம். எங்கள் ஆட்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காலையில் திறக்கும் கேட்டைப் பொழுது சாயுமுன் பூட்டிவிடுவார்கள். காட்டுக்குள் இருந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, வெளியே போகிறவர்களின் மடி, கூடை, சைக்கிள் டியூப் வரை தடவிப் பார்த்தார்கள். ஒரு பிடி அரிசி அகப்பட்டாலும் ஆள் உள்ளே போகவேண்டியதுதான்.

காட்டுச் சண்டைக்குப் பயந்து தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரச் சின்ன துரை தன் பாய்ப்படகைக் கிராணிக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ரப்பர் மரங்கள் முடிகிற இடத்தில் கடல். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் அதை ஓட்டப் பழகினோம். சுக்கான் அவள் கையில். முன்பாயின் கயிறு என் கையில்.

நான் ஏன் போனேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கடல் எனக்குப் பிடித்திருந்தது, அது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. பள்ளிப் படிப்பை நல்லபடியாக முடித்துவிட்டேன். எங்கள் வீட்டில் அப்பா, அம்மா எல்லோரும் கைநாட்டு. நான் ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தேன். தோட்டத்துத் துரை என் நடத்தையைப் பற்றி நல்ல வார்த்தை எழுதிக் கொடுத்தால்தான் இடம் கிடைக்கும். எங்கள் ஆட்கள் யாரும் துரையிடம் நேராகப் பேசியதில்லை. கல்யாணமோ, சாவோ, கூரை ஒழுகுவதோ, எதுவானாலும் கிராணியிடம் சொல்ல வேண்டும். அவர் துரையிடம் சொல்வார். போர்ட்டிக்சன் கிளப்பில் படகுப் பந்தயம் வைக்கிறார்கள், துரையும் வருவார் என்றாள் கிராணி மகள். “வெண்டால் அப்பா உம்மைத் துரைக்கு முன்னால கூட்டிக்கொண்டு போய் நிப்பாட்டுவார். எல்லாம் நான் சொல்லியிருக்கிறன்.” நான் நம்பினேன்.

எங்கள் படகுக்கு ஒரு குறை. கடலுக்குள் போகும்போது ஒழுங்காகப் போகும். மாலைக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் வம்பு. பெரிய பாயை ஒரு பக்கம் அகல விரித்துவிடுவோம். முன்பாய் அதன் நிழலில் மாட்டிக்கொள்ளும். காற்றுக் கிடைக்காமல் ஈரத்துணி மாதிரித் தொங்கும், திடீரென்று படபடக்கும், மறுபடி விழும். ஒருமுறை அப்படியே ஆடி அசைந்து வந்து, கேட் பூட்டுகிற நேரத்துக்கு ஓடிவந்து சேர்ந்தோம். முன்பாயை எதிர்ப்பக்கம் இழுத்து விரித்து வைத்தால் அதற்கும் காற்றுக் கிடைக்கும் என்பது தெரிந்தது. ஆனால் கையால் எவ்வளவு நேரம் பிடித்திருப்பது? துடுப்பை வைத்து முட்டுக்கொடுத்துப் பார்த்தோம். அலை தூக்கியதும் துடுப்பு வழுக்கி என் முழங்காலில் விழுந்தது.

மறுநாள் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சேலையின் பாரத்தில் கொடி தாழ்ந்ததும், மூங்கில் கம்பின் பிளந்த நுனியைக் கயிற்றுக்குள் கொடுத்து நிமிர்த்தினாள். சேலை வயிறு புடைத்து எழுந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“என்னா புள்ள, சேலைய இன்னைக்குத்தான் பாக்குறியா?”

“அம்மா, இந்தக் கம்ப ஞாயித்துக்கிழமை எனக்குக் குடு.”

“எடுத்துட்டுப் போ. திங்கக்கிழமை எனக்கு வேணும். இல்லன்னா ஓம் மண்டையிலதான் கொடி கட்டணும்.”

அடிநுனியில் ஓர் ஆணி அடித்தேன், தலை வெளியே நீட்டியிருக்கும்படி. பிளந்த நுனி பாய்மரத்தைக் கவ்விக்கொள்ளும். ஆணி, முன்பாயின் மூலையில் இருக்கும் வளையத்துக்குள் நுழைந்து அதை வெளியே தள்ளிப் பிடிக்கும். பாய்மரத்தோடு சேர்த்து ஒரு சுற்றுக் கயிறு, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்து அவள் சிரித்தாள், நான் தொடக்கத்தில் எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டாள். பிறகு காற்று வந்தது. பெரிய பாய் ஒரு பக்கம், முன்பாய் மறுபக்கம், இறக்கை விரித்த கொக்கு மாதிரி படகு கரையை நோக்கிப் பாய்ந்தது. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

“உமக்கு மூளை இருக்கப்பா,” என்றாள்.

“இப்பத்தான் தெரியுதா? பெஞ்சுல பக்கத்துல ஒக்காந்து எம்புட்டுப் பாத்து எழுதுனீங்க.”

அவளுக்குக் கோபம் வரவில்லை. அன்று அவளை என் தோழி என்றே நினைத்தேன்.

அன்று காலை கேட்டில் காவல்காரர் அந்த மூங்கிலைப் பார்த்து எங்களை நிறுத்தியிருந்தார். மலாய்க்காரர், சிறு வயது. அவள் கையை வீசி, “படகுக்கு, என்சே,” என்று ‘ஐயா’ போட்டு மலாயில் சொன்னாள். கிராணி மகள் சொன்னால் போதும்; அவர் வழி விட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு பலம் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பந்தய நாள் காலை. அம்மா எனக்கு முன்பே எழுந்துவிட்டாள். கம்பைக் கையில் தந்தாள், முகத்தைத் தடவினாள். கேட்டில் பெண்களைச் சோதிப்பவள் எங்கள் லயத்துக்காரிதான். என் மடியைத் தடவிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். கம்பின் அடிநுனியில் ஆணிக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தாள். மஞ்சள் துணி முடிச்சு ஒன்று மூங்கில் குழாய்க்குள்ளிருந்து வந்தது. அவிழ்த்தாள். உள்ளே ஒரு சல்லிக்காசும் கொஞ்சம் அரிசியும்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. தூரம் போகிறவர்களுக்கு எங்கள் ஆட்கள் சாமிக்குக் காசும் அரிசியும் முடிந்து வைப்பார்கள். திரும்பி வந்ததும் கோயிலில் செலுத்துவார்கள். கடலைக் கண்டால் அம்மாவுக்குப் பயம். நான் கேலி செய்வேன் என்று சொல்லாமல் வைத்திருக்கிறாள்.

“பெராஸ்,” என்றார் காவல்காரர். அரிசி என்று அர்த்தம். அவர் முகம் மாறிவிட்டது. மூங்கிலுக்குள் அரிசி அடைத்துக் காட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று அந்த மாதம்தான் எல்லாக் கேட்டுகளிலும் எச்சரித்திருந்தார்கள்.

சோதிப்பவள் என்னைப் பார்க்காமலே கேட்டாள். “யாரு கம்புடி இது? எதுக்குக் கொண்டு போற?”

நான் கிராணி மகளைப் பார்த்தேன். அவள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காவல்காரரும் அவளைத்தான் பார்த்தார்.

“எனக்குத் தெரியாது,” என்றாள். “அது அவவின்ர கம்பு.”

சைக்கிளில் ஏறிப் போனாள்.

காவல் குடிசையில் என்னை உட்கார வைத்தார்கள். வேறு அரிசி இருக்கிறதா என்று பாராங் கத்தியால் கம்பைக் கணுக்கணுவாகப் பிளந்து பார்த்தார்கள். அம்மா ஓடிவந்து வாசலில் தரையில் விழுந்தாள். “சாமிக்கு முடிஞ்சதுங்க. புள்ளைக்குத் தொணையா இருக்கட்டும்னு நாந்தான் வச்சேன். அவளுக்குத் தெரியாதுங்க.” மதியத்துக்கு மேல் ஒரு பெரிய போலீஸ்காரர் வந்து முடிச்சைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், திட்டிவிட்டு என்னை விட்டார்.

வீட்டுக்குப் போகாமல் கடற்கரைக்கு நடந்தேன். பயந்திருப்பாள், பாவம் என்றே வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். எங்கள் படகுக்கான கம்பு என்று சொல்லியிருந்தால் அவள் அப்பாவுக்கு வேலை போயிருக்கும், போலீஸ் என்றால் யாருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நடந்து கரைக்குப் போய்ச் சேருவதற்குள் அவளை மன்னித்தே விட்டேன்.

அப்போது படகு பந்தயம் முடித்துத் திரும்பி வந்துகொண்டிருந்தது. முன்பாய் எதிர்ப்பக்கம் விரிந்து, நன்றாகக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. அதைத் தள்ளிப் பிடித்திருந்தது ஒரு வெள்ளைக் கம்பு. என் இடத்தில் செரம்பானிலிருந்து வந்த அவள் சித்தப்பா மகன்.

படகு மணலில் ஏறியதும் கிட்டே போய்க் கம்பைத் தொட்டேன். தோட்டத்து ஆசாரி இழைத்தது. ஒரு நுனியில் கவை, தோல் வைத்துத் தைத்திருந்தது. மறு நுனியில் இரும்புக் கொக்கி. கைக்கு ஒட்டாத அளவுக்குப் பெயிண்ட் நன்றாகக் காய்ந்து இறுகியிருந்தது. அன்று காலை அவசரத்துக்குச் செய்த கம்பு அல்ல அது. என் கம்பைப் பார்த்துப் பல நாளுக்கு முன்பே செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அரிசி அகப்படாமல் இருந்திருந்தாலும் கரையில் என்னை இறக்கிவிட்டிருப்பார்கள்.

“எப்ப செஞ்சது இது?” என்று கேட்டேன்.

“அப்பாதான்…” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “யோசிச்சுப் பாருமன். கிளப்பில எல்லாரும் இருப்பினம். உம்மை எப்பிடிக் கொண்டு போய் நிப்பாட்டுறது?”

“நீ ஜெயிச்சியா?”

“ரெண்டாவது.” நான் ‘நீ’ என்று சொன்னது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. முகம் சிவந்தாள். சித்தப்பா மகன் கம்பைக் காட்டி, “அக்காட யோசினை, துரையே கேட்டுப் பாராட்டினவர்,” என்று என்னிடம் பெருமையாகச் சொன்னான். அவன்மேல் குற்றமில்லை. அவள் பாயை மடித்துக்கொண்டிருந்தாள், மறுக்கவில்லை.

சில நாள் கழித்துக் கிராணி அப்பாவைக் கூப்பிட்டார். “கேட்டில பிடிபட்ட பிள்ளைக்காக நான் துரையிட்ட என்னெண்டு கதைக்கிறது? கொஞ்சக் காலம் போகட்டும்.” அப்பா தலையாட்டிவிட்டு வந்தார். காலம் போனால் பயிற்சி இடமும் போய்விடும் என்று அவரிடம் சொன்னேன். “கிராணிய விட்டா நமக்கு வேற வழி ஏது?” என்றார். எனக்கு அவர்மேல் வந்த கோபம், கிராணிமேல் வந்த கோபத்தைவிடக் குறைவில்லை.

கம்பு இல்லாததால் எங்கள் கொடி அந்த வாரமெல்லாம் தாழ்ந்தே தொங்கியது. என் ஒரே வெள்ளைச் சேலையின் கரை செம்மண்ணில் தோய்ந்துவிட்டது. அம்மா எவ்வளவு கசக்கியும் கறை முழுதாகப் போகவில்லை. விடிகாலையில் அதையே உடுத்திக்கொண்டேன். அம்மா கறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

பெரட்டுக்களத்தில் ஆட்கள் வாளியோடு வரிசையாக நின்றார்கள். பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற நேரம். கிராணி மேசைக்குப் பின்னால். அவருக்குப் பின்னால் துரை, கைகளைக் கட்டிக்கொண்டு. நான் அப்பாவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அவர் என் முழங்கையைப் பிடித்தார். பிறகு அவராகவே விட்டார்.

கிராணி தலை நிமிர்வதற்குள் நான் அவர் மேசையைக் கடந்துவிட்டேன். “குட் மார்னிங், சார்,” என்றேன். துரையின் முகத்தைப் பார்த்து, பந்தயத்தில் அவர் பாராட்டிய அந்தக் கம்பு என் யோசனைதான் என்று ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்திருந்தேன்.