சாம்ப்ளரில் ஏறிய மாஸ்டரின் ட்ரம்ஸ்

எங்கள் பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். மண்ணரையில் குடியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்குள்ள சர்ச்சில் ட்ரம்ஸ் வாசிப்பார். நான் அதே கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டரில் இசை கோத்துக்கொண்டிருப்பேன். அதைக் கேள்விப்பட்டு அவராகத்தான் வந்து பேசினார்.

போன மழைக்காலத்தில் கொச்சியில் ஒரு ஸ்டூடியோவைக் காலி செய்தார்கள். அங்கிருந்து பழைய சாம்ப்ளர் ஒன்றை வாங்கி வந்தேன். பதிந்த ஒலியை உள்ளே ஏற்றிவிட்டு, மேலே இருக்கும் ரப்பர் கட்டைகளை விரலால் தட்டினால் அது திரும்ப ஒலிக்கும். ஃபிளாப்பி போட்டால்தான் கண் விழிக்கும்.

மாஸ்டரின் ட்ரம்ஸை எங்கள் துணி குடோனில் வைத்துப் பதிந்தோம். சுற்றிலும் துணி ரோல்கள் இருந்ததால் எதிரொலியே இல்லை. கம்ப்யூட்டரில் கேட்டபோது அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பிறகு அதையே சாம்ப்ளரில் ஏற்றினேன். அதன் மெமரியில் சில விநாடிகள்தான் கொள்ளும். இடம் மிச்சப்படுத்த, பதிவை வேகமாக ஓட்டி ஏற்றி, உள்ளே போனபின் வேகத்தைக் குறைக்க வேண்டும். அதில் ஒலி கொஞ்சம் நொறுங்கும். சிம்பல் தட்டின் பளபளப்பு போய்விட்டது. ஸ்நேர் என்கிற சின்ன ட்ரம் மணலில் அறைந்ததுபோல் சொரசொரத்தது. காலால் மிதித்து அடிக்கும் கிக் மட்டும் கனத்து, நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. எனக்கு அந்தக் கனம் பிடித்துப்போயிற்று.

மாஸ்டருக்குப் பிடிக்கவில்லை. "என்ன மேடம், சாக்கைப் போட்டு மூடி அடிச்ச மாதிரில்லா இருக்கு. இது என் ட்ரம்மே இல்ல."

"உங்க அடிதானுங்க மாஸ்டர். மெசின்தான் பழசுங்க," என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார்.

டிசம்பர் தொடக்கத்தில் பொங்கலூர் போகும் வழியில் பைக் சறுக்கி அவருக்கு வலது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டு. சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்கு வேறு ஆள் தேடினார்கள், கிடைக்கவில்லை. பார்க்கப் போன என்னிடம் அவரே கேட்டார்: "அந்தப் பெட்டிய விரலாலதானே தட்டணும்?"

மறுநாள் சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்தேன். இடது கை முழுசாக, கட்டுக்கு வெளியே நீட்டியிருந்த வலது கை விரல்நுனிகள் கொஞ்சம். அவ்வளவை வைத்துப் பழகினார். முதலில் எரிச்சல்பட்டார். பிறகு, அந்தக் கனமான கிக் அடங்கி முடிய இடம் விட வேண்டும் என்று அவருக்கே பிடிபட்டது. வழக்கமாக ஓயாமல் உருட்டுகிறவர், அடிகளைக் குறைத்தார்.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். மெதுவான ஒரு தாலாட்டுப் பாட்டு. பாடகர் குழுவின் குரல்களுக்கு அடியில் அந்த மணல் ஒலி பதமாக ஓடியது. ஆராதனை முடிந்ததும், பக்கத்தில் இருந்த மாஸ்டரின் மனைவி என் பக்கம் குனிந்து, "இன்னிக்குத்தான் பாட்டோட வார்த்தையெல்லாம் காதுல விழுந்துச்சு மேடம்," என்றார். அதற்குள் எங்களிடம் வந்துவிட்ட மாஸ்டர் காதிலும் அது விழுந்தது. அவர் கோபப்படாமல் சிரித்தார்.

இப்போது கை சரியாகிவிட்டது. வேகமான பாட்டுகளுக்கு அவருடைய ட்ரம்ஸ்தான். மெதுவானவற்றுக்கு ஸ்டூலைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு சாம்ப்ளரைத் தட்டுகிறார். அது என் வீட்டுக்குத் திரும்பி வரவே இல்லை, நானும் கேட்கவில்லை. மாதம் ஒரு ஞாயிறு போய்க் கேட்டுவிட்டு, அவர்கள் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டு வருகிறேன்.