ஒரே ஒரு தடவை சுற்றிய எஞ்சின்

2017 மார்ச் 13, திங்கட்கிழமை, காலை எட்டு மணி நாற்பது நிமிடம். அண்ணனின் கைபேசி ஒலித்தது. அழைத்தவர் அவன் வேலைசெய்த உல்லாச விடுதியின் முதலாளி. அடுப்படியில் நின்ற எனக்கே அவர் குரல் கேட்டது.

"மெஷின் இறுகிப்போய்க் கிடக்குது. நேத்துக் களவாக் கடலுக்குக் கொண்டுபோய்ப் பிரட்டினியா? உடனே வா. இல்லாட்டிப் பொலிஸ் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வரும்."

மெஷின் என்று அவர் சொன்னது, வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றிக்கொண்டு அண்ணன் கடலில் ஓட்டும் ஜெட் ஸ்கீயை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அதைத் தொடுவதில்லை. வேலைக்குச் சேரும்போது அவன் கேட்டுக்கொண்ட ஒரே சலுகை அதுதான்.

பொலிஸ் என்ற சொல் எங்கள் வீட்டில் இலேசானதல்ல. போர்க்காலத்தில் அப்பாவை விசாரணைக்கென்று கூட்டிச் சென்றார்கள். திரும்பி வந்தவர் பழைய அப்பாவாக இருக்கவில்லை. அம்மா அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "போகாதே மகன்" என்று அழுதார். அப்பா திண்ணையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரான குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் வள்ளங்களை இழுத்து ஏற்றிய கரையை அந்த விடுதி வேலி போட்டு அடைத்தது. அண்ணன் அந்த வேலிக்குள்ளேயே வேலை தேடிக்கொண்டான். அன்றிலிருந்து அப்பா அவனோடு கதைத்ததில்லை.

பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்த நான் அண்ணனோடு போனேன். அதிகம் பேசத் தெரியாதவள் நான். ஆனாலும் அவன் தனியாகப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

முதலாளி கொட்டகையில் நின்று ஸ்டார்ட் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் 'டக்'.

"சேர், அழுத்தாதேங்கோ. உள்ளுக்குத் தண்ணி நிண்டால் பிஸ்டன் கம்பி வளைஞ்சுபோகும்."

"தண்ணி எப்பிடிப் போச்சுது? அதைத்தானே நானும் கேக்கிறன். உங்கட ஆக்களுக்கு ஞாயித்துக்கிழமை பூசை. பூசை முடிய சவாரி."

அண்ணன் இருக்கையைக் கழற்றினான். பிளக்குகளைக் கழற்றினால் உள்ளே நிற்கும் தண்ணீர் வெளியேற வழி கிடைக்கும் என்று எனக்கு மட்டும் மெதுவாகச் சொன்னான். அப்போது எஞ்சின் சுற்றினால், அது இறுகியது தண்ணீரால். வரும் தண்ணீர் உப்பாக இருந்தால் முதலாளி சொல்வது உண்மை. உப்பில்லாவிட்டால் கடல் அதைத் தொடவில்லை. சுற்றவே இல்லையென்றால் அவனிடம் எந்தச் சாட்சியும் இல்லை.

பாவாடைப் பையில் செபமாலை இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். பக்தியோடு வேண்டினேன் என்று சொன்னால் அது பொய். கோபத்தோடுதான் வேண்டினேன். ஆண்டவரே, உமது நாளில் வேலைசெய்யாதவன் இவன். அந்த நாளைக் கொண்டே இவனைக் குற்றவாளியாக்குகிறார்கள். இந்த எஞ்சின் ஒரே ஒரு தடவை சுற்றட்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

அண்ணன் பொத்தானை அழுத்தினான். எஞ்சின் சுற்றியது. பிளக் துளைகளிலிருந்து தண்ணீர் பீறிட்டு முதலாளியின் வெள்ளைச் சட்டையில் அடித்தது.

"கடல் தண்ணி! நான் சொல்லல்லையா?" என்று அவர் கத்தினார்.

அண்ணன் விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். எனக்கும் நீட்டினான். எண்ணெய் நாற்றத்தோடு கிணற்றுத் தண்ணீரின் சுவை.

"உப்பு இல்லை" என்றேன். அன்று நான் அவரிடம் சொன்னது அது மட்டுமே.

அவர் சுவைத்துப் பார்க்கவில்லை. "அப்ப ஆர் ஊத்தினது?"

வேலிக்கு வெளியே இருந்து ஒரு குரல் வந்தது. "நான்தான் ஊத்தினன்."

அப்பா. எங்களுக்குப் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறார். அந்த வேலிக்குள் கால்வைப்பதில்லை என்றிருந்தவர், நேற்றுப் பூசை முடிந்து உள்ளே வந்திருக்கிறார். மெஷினில் உப்புப் பூத்திருந்ததாம். மகன் கழுவாமல் போய்விட்டான், முதலாளியிடம் ஏச்சு வாங்குவான் என்று நினைத்து, தன் வள்ளத்து எஞ்சினைப் பீப்பாய்த் தண்ணீரில் கழுவுவதுபோலத்தான் இதுவும் என்று ஹோஸ் குழாயைப் பொருத்தி நல்ல தண்ணீர் விட்டிருக்கிறார்.

அண்ணன் மெல்லக் கேட்டான். "ஸ்டார்ட் பண்ணிப்போட்டுத்தானே அப்பா தண்ணி விட வேணும்?"

"ஞாயித்துக்கிழமை எஞ்சின் ஸ்டார்ட் பண்ணுவாங்களாடா?"

நின்றிருக்கும் எஞ்சினுக்குள் தண்ணீர் விட்டால் அது உள்ளே ஏறி நின்றுவிடும். அப்பாவுக்கு அது தெரியாது. ஞாயிறு ஆண்டவருடைய நாள் என்பது மட்டும் தெரியும். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அவர்கள் கதைத்த முதல் கதை இதுதான்.

முதலாளி சிரித்தார். "வள்ளம் எண்டு நினைச்சிட்டாராம்! கூட்டிக்கொண்டு போ. நாளைக்கு நீயும் வரத் தேவையில்ல."

பொலிஸ் பேச்சு அத்தோடு நின்றது. அண்ணன் எண்ணெய் விட்டு, பிளக்குகளைப் பூட்டி, கடைசியாக ஒருமுறை முயன்று பார்த்தான். உள்ளே இரும்பு இடிக்கும் சத்தம் எழுந்து ஓய்ந்தது. கம்பி வளைந்திருந்தது. விடாமல் அழுத்தியவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லாததைப் பொறுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தச் சாட்சியத்தை வாசிக்கும் சகோதர சகோதரிகளே, நான் கேட்டது கிடைத்தது. ஒரு தடவை கேட்டேன், ஒரு தடவை சுற்றியது. அண்ணன் வீட்டுக்கு வந்தான். அவனுடைய வேலை வரவில்லை. கரையும் வரவில்லை. வேலி இன்றும் நிற்கிறது. முழுமையான மகிழ்ச்சியோடு இதை எழுதினேன் என்று நடிக்க மாட்டேன். ஆயினும், கோபத்தில் சொன்ன ஒரு வாக்கியத்தையும் தள்ளிவிடாமல் கேட்கிறவர் இருக்கிறார் என்பதை அன்று அறிந்தேன். அதன்பின் அழகான சொற்களைத் தேடி நான் செபிப்பதில்லை. உங்களுக்கும் நல்ல சொற்கள் வராவிட்டால், வருகிற சொற்களோடு அவரிடம் போங்கள். கசப்பானாலும் அவர் கேட்பார்.

மறுநாள் விடியற்காலையில் அப்பாவின் வள்ளத்தில் அண்ணனும் ஏறினான். எஞ்சின் கழுவுவதற்கென்று, வேலிக்கு இப்பால் மிஞ்சியிருக்கும் கரையில் ஒரு பீப்பாய் உண்டு. முன்பு அதில் தண்ணீர் நிரப்புவது அண்ணனின் வேலை. அவன் விடுதிக்குப் போன பிறகு, அப்பா தனக்கு வேண்டிய அளவுக்கு அரைப் பீப்பாய் மட்டும் ஊற்றிக்கொள்வார். வள்ளம் கண்ணுக்கு மறைந்ததும் நான் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் சுமந்து வந்து அதை விளிம்புவரை நிரப்பினேன்.