நூலால் அறுத்த சோப்பு

செல்போனில் சிக்கன யோசனை ஏதோ பார்த்துவிட்டு, மருமகள் தேய்ந்த சோப்புத் துண்டுகளை ஒன்றாக அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சிவப்புச் சோப்பின் வாசம் பரவை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் லைன் வீட்டுக்கு என்னை இழுத்துப் போனது. ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். பின்னாளில் அந்த வரிசையையே விலைக்கு வாங்கி, இடித்து, குடோன் கட்டியவனும் நான்தான்.

அங்கே அம்மா புதுச் சோப்பை நூலால் அறுத்து, சீக்கிரம் கரையாமலிருக்க வெயிலில் காயவைத்து, அப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று எடுத்து வைப்பாள். தங்கச்சி கேட்டால், "பொட்டப்பிள்ளைக்கு எதுக்குடி சோப்பு? அண்ணன் தேச்ச நொரை கெடக்குல்ல, அம்புட்டுப் போதும்" என்பாள். நான் அந்த நுரையையும் வேண்டுமென்றே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுச் சிரிப்பேன். நாறுகிறாள் என்று பெஞ்சில் யாரும் பக்கத்தில் உட்காரவிடாததால், மூன்றாவதோடு அவள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திக்கொண்டாள்.

சிக்கனத்தால் உயர்ந்தவன் என்று இன்றும் நாலு பேரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன். போன வாரம் தங்கச்சி வந்திருந்தாள். இப்போது நான் இருக்கும் பசுமலை வீட்டுக் குளியலறையைப் பெருமையாகத் திறந்து காட்டி, புதுச் சோப்பு ஒன்றைப் பிரித்து நீட்டினேன்.

"நீயே தேச்சுக்கண்ணே. எனக்கு வெறுந்தண்ணிதான் பழக்கம்."