அப்பாவின் வேடங்களும் அம்மா ஏற்ற பழியும்

அப்பா இல்லாமல் ஒரு வருடத்தை எப்படியோ கடத்திவிட்டோம். இன்றைய பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அப்பாவின் கலை வாழ்க்கையை எழுது என்று அண்ணன் சொன்னார். எழுதுகிறேன். கூடவே அண்ணன் சொல்லாத ஒன்றையும் எழுதப்போகிறேன். அம்மாவைப் பற்றி உங்களில் சிலர் ஒரு வருடமாகப் பேசிவருவது தவறு.

அப்பா பிறந்தது புசல்லாவையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். தாத்தாவுக்குக் கண்டி நகரத்தில் துப்புரவு வேலை கிடைத்ததும் குடும்பம் மஹய்யாவவுக்கு வந்தது. அப்பா படிப்பைப் பாதியில் விட்டுக் கண்டி டவுனில் ஓர் இரும்புக் கடையில் சேர்ந்தார். கோயில் திருவிழா நாடகத்தில் அவரைப் பார்த்த ஒரு சிங்கள இயக்குநர் தொலைக்காட்சி நாடகத்துக்கு அழைத்தார். அன்று தொடங்கியது முப்பது வருட ஓட்டம்.

தோட்டத் தொழிலாளி, கங்காணி, கடலை விற்பவர், யுத்த காலத்தில் கைதாகிறவர். இவைதான் அவருக்கு வந்த வேடங்கள். அப்பாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கெமராவுக்கு முன்னால் தட்டுத்தடுமாறித்தான் பேச வேண்டும். தமிழர் அப்படித்தான் பேசுவார்களாம். விடியற்காலை பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய், நாள் முழுவதும் காத்திருந்து, இரண்டு வசனம் பேசிவிட்டு வருவார். அதில் ஒன்றை வெட்டிவிடுவார்கள். அப்பா ஒருநாளும் குறை சொன்னதில்லை. எனக்குத்தான் ஆத்திரம் வரும்.

வேடத்தை அவர் வீட்டுக்கே கூட்டிவந்துவிடுவார். கால் ஊனமானவராக நடிக்க வேண்டுமென்றால் ஒரு மாதம் எங்கள் வீட்டுப் படிகளில் நொண்டியே ஏறுவார். காது கேளாதவராக இருந்தபோது நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம். நடுவில் நிறுத்தக் கூடாது, வேடத்துக்குப் பொருத்தமாகவே பதில் சொல்ல வேண்டும். அது எங்கள் வீட்டுச் சட்டம்.

“மத்தவங்களுக்கு ராசா வேசம் வருது. இந்த மனுசனுக்கு வர்றதெல்லாம் வியாதிதான்” என்று அம்மா சலித்துக்கொள்வார்.

கடைசியில் ஒரு படத்தில் முதன்மை வேடம் வந்தது. பாரிசவாதத்தால் இடது பக்கம் செயலிழந்த ஒரு தகப்பன். அறுபத்து மூன்று வயதில் கிடைத்த முதல் பெரிய வேடம். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வாரம் இடது கையைத் தூக்கவே இல்லை. வாயைக் கோணி, குழறிக் குழறிப் பேசினார். நான் சோறு ஊட்டினேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். அண்ணன் வெளிநாட்டில். கதிரையில் இருந்த அப்பாவின் கையிலிருந்து தேநீர்க் கோப்பை விழுந்தது. அது வலது கை.

“அப்பா, இடது கைதானே? பக்கம் மாறிப்போச்சு” என்று சிரித்தேன்.

அவர் ஏதோ சொன்னார். ஒரு சொல்லும் புரியவில்லை.

“நல்லா இருக்குப்பா. ஆனா இவ்வளவு கொழறினா பாக்கிறவங்களுக்கு வெளங்காது.”

தேநீரைத் துடைத்துவிட்டு உள்ளே போனேன். நான் பள்ளி ஆசிரியை. திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்கள் இருந்தன. அப்பா இரண்டு முறை கூப்பிட்டார். “நோயாளி கொஞ்சம் பொறுக்கணும்” என்று வேடத்துக்குப் பொருத்தமாகவே பதில் சொன்னேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து அம்மா வந்தார். வாசலிலேயே அலறினார்.

“அடியே, கட்டியிருக்கிற சாரம் நனஞ்சிருக்குடி! ஒங்கப்பா நடிப்புக்காக இப்படிச் செய்வாரா?”

ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் இருந்தார். இன்னும் கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாம் என்று வைத்தியர் சொன்னார். அந்தப் படத்தை வேறொருவரை வைத்து எடுத்துவிட்டார்கள். அவர் நன்றாகச் செய்திருக்கிறாராம்.

மரண வீட்டில் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, அம்மாவைப் பிடித்துக்கொண்டார். “கூடவே இருந்தும் கவனிக்கலையா அண்ணி?” நான் தேநீர்த் தட்டோடு நின்றேன். சொல்ல வாயெடுத்தேன். அம்மா ஒரு பார்வையில் என்னை அடக்கினார்.

“நான் வீட்டுலதான் இருந்தேன். நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்” என்றார்.

அதன்பிறகு அத்தை எங்கள் வாசலை மிதிக்கவில்லை. இந்த மலர் அவருக்குத் தபாலில் போகும்.

அன்று அப்பாவைத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்த பக்கத்து வீட்டுச் சிங்கள ஐயாவுக்கும், அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்த தாதிமாருக்கும் எங்கள் நன்றி. “முப்பது வருஷமா இந்த மொகத்துக்கு நான்தான் மேக்கப் போட்டது, மகள். வேற யாரும் தொட வேணாம்” என்று அலவத்துகொடையிலிருந்து வந்து அப்பாவுக்குக் கடைசிச் சவரம் செய்த, நாங்கள் நானா என்று அழைக்கும் முஸ்லிம் மேக்கப் கலைஞருக்கும் நன்றி.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “அந்த வெள்ளிக்கெழமயை எடுத்துரு. நீ நாலு புள்ளைங்களுக்கு முன்னால நிக்கிறவ” என்றார். முதன்முறையாக அம்மா சொல்லை மீறுகிறேன். அன்று வீட்டில் இருந்தவள் நான். அப்பா கூப்பிட்டது என்னை.

அத்தை, அம்மாவோடு பேசுங்கள்.