மணிப் பலகையில் அப்பாவின் பெயர்

சில வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதக் காலை. சுவிஸின் சோலோதுர்ன் நகரில் நான் தனியே இருக்கும் மாடிக் கட்டிடத்தில் நடந்தது.

அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு, வீட்டுக் கதவைச் சாத்தாமல் குப்பைப் பையோடு கீழே இறங்கினேன். திரும்புவதற்குள் கட்டிடத்தின் வாசல் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. கதவுத் திறப்பும் போனும் மேலே வீட்டுக்குள். காலில் வீட்டுச் செருப்பு, சுற்றிலும் பனி. பருப்பு வற்றினால் வீடே எரியும்.

வாசலில் இருக்கும் அழைப்பு மணிகளில் ஒன்றை அழுத்தினால் போதும், யாராவது திறப்பார்கள். ஆனால் இத்தனை காலத்தில் அங்கே யாரோடும் நான் கதைத்ததில்லை. எனக்குக் கூச்சம். இங்கத்தைய பாஷையான டொச்சும் தட்டுத்தடுமாறித்தான் வரும். மணிப் பலகையில் எல்லாம் வாயில் நுழையாத பெயர்கள். அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு அதில் ஒன்றுதான் பழகியது: ஹாமர். ஆங்கிலப் புத்தகத்தில் சுத்தியல் படத்துக்குக் கீழே இருந்த அதே எழுத்துகள்.

என் மணியில் இருப்பது அப்பாவின் பெயர். இந்த நாட்டில் பதிந்தபோது அதுவே என் குடும்பப் பெயராகிவிட்டது. வேலையிடத்துத் தமிழ்த் தம்பி ஒருவன் பகிடி பண்ணுவான்: "என்ன அண்ணை, மணியில உங்கட ஐயான்ர பேர் கிடக்கு. அவரோ வாடகை கட்டுறார்?"

ஹாமரின் மணியை அழுத்தினேன். பெயருக்கேற்ற முரட்டு ஆள் வருவாரென்று பயந்தேன். கதவைத் திறந்தவர் ஊன்றுகோல் பிடித்த மெலிந்த கிழவர். "அடுப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஓடினேன். பருப்பு கரியாகியிருந்தது. வீடு தப்பியது.

நன்றி சொல்லக் கீழே வந்தபோது அவர் வாசலிலேயே நின்றார். என் அப்பாவின் நீண்ட பெயரை மெதுவாக, ஒரு பிழையும் இல்லாமல் சொன்னார்.

"சரியோ?" என்று டொச்சில் கேட்டார்.

"ஓம்."

"போகவர மணியைப் பார்த்துப் பழகினனான். பிழையாச் சொல்லிடுவன் எண்டு கூச்சத்தில கூப்பிடேல்லை."

"அது என்ர அப்பாவின்ர பேர்."

"அப்ப உங்கட பேர் என்ன?"

இந்த நாட்டில் அதை ஒருவர் ஆசையோடு கேட்டது அன்றுதான். அதன் பிறகு படியில் காணும்போதெல்லாம் என் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அதுவும் சில வருடங்கள்தான். போன மாரிக் குளிரில் அவர் காலமானார்.

மணிப் பலகையில் ஹாமர் என்று இருந்த இடத்தில் இப்போது ஒட்டியிருக்கும் பெயர் எனக்கு வாசிக்க வராதது. கதவுக்கு அந்தப் பக்கமும் கூச்சப்படுகிற ஒருவர் இருக்கலாம் என்று தெரிந்ததால், போகவர அதை எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.